துணியை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே என் கடைக்கு வருகிறவர்களின் பேச்சு நிறத்தில்தான் தொடங்கும். "அக்கா, இந்த வருஷம் எங்கள் வீட்டில் மயில் பச்சை." அப்பாவுக்கு ஜிப்பா, அம்மாவுக்குச் சேலை, பெண்ணுக்குப் பாவாடை, பையனுக்குக் குர்தா, கைக்குழந்தைக்கு மிச்சத் துணியில் ஏதோ ஒன்று, எல்லாம் ஒரே நிறம். மலாய் நண்பர்கள் நோன்புப் பெருநாளுக்குச் 'செடோண்டோன்' என்று உடுத்துவதைப் பார்த்து நமக்கும் தொற்றிக்கொண்ட ஆசை. போன வருஷத்து மெரூன் எங்கே என்று கேட்டால், "அதை எல்லாரும் போட்டோவில் பார்த்துவிட்டார்களே" என்கிறார்கள். கட்டியது ஒரு நாள். அதிலும் பாதி நாள், பலகாரக் கையைத் துடைக்கப் பயந்துகொண்டே.

மலேசியாவின் பினாங்கில், லெபு பசார் கடைத்தெருவிலிருந்து நடந்து வரும் தூரத்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில் என் தையல் கடை. இரண்டு தையல் இயந்திரம், துணி ஓரம் பிரியாமல் தைக்க ஓர் ஓவர்லாக், ஓர் இஸ்திரி மேசை, வெட்டுத் துணி போட மூன்று கோணிப்பை. 29 ஆண்டுகளாகத் தைக்கிறேன். எந்தக் கடையில் எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. கடைக்காரர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். எப்படிப் பார்த்து எடுக்க வேண்டும், எடுக்காமல் எப்படி வர வேண்டும், எடுத்ததை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால் சொல்வேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அலமாரி

கடைக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டுங்கள். எதையும் உடனே தூக்கிப் போட வேண்டாம். எண்ணுங்கள், அவ்வளவுதான். என்ன இருக்கிறது என்று தெரியாமல் கடைத்தெருவுக்குப் போவது, உப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் உப்பு வாங்கப் போவது மாதிரி. ஒரு வாடிக்கையாளர் வீட்டில் கறுப்பு லெக்கின்ஸ் மட்டும் ஒன்பது இருந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு நான் செய்கிற வேலை ஒன்றைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு ஹேங்கரிலும் ஒரு சாண் நூலைக் கட்டித் தொங்க விடுங்கள். அந்த உடையை உடுத்தும் ஒவ்வொரு முறையும் நூலில் ஒரு முடிச்சு. வருஷக் கடைசியில் முடிச்சுகளை எண்ணி, வாங்கிய விலையை அந்த எண்ணால் வகுங்கள். என்னிடம் 65 வெள்ளிக்கு (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) எடுத்த பருத்திக் குர்தா ஒன்று இருக்கிறது. போன வருஷம் 42 முடிச்சு. ஒரு தடவைக்கு ஒன்றரை வெள்ளி. என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எடுத்த லெஹங்கா 280 வெள்ளி, ஒரே முடிச்சு. எது மலிவு, எது விலை அதிகம் என்று அந்த நூல் சொல்லிவிடும். லெஹங்காவுக்கு இரண்டாவது முடிச்சு போட இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிச் செய்த பலர் அந்த வருஷம் கடைக்கே போகாமல் என்னிடம் பழையதைத் திருத்தக் கொடுத்திருக்கிறார்கள். என் பிழைப்புக்கும் நல்லதுதான், மறைக்கவில்லை.

கடையில் கை என்ன செய்ய வேண்டும்

கண்ணாடி முன் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் உடையை உள்பக்கம் திருப்புங்கள். வெளிப்பக்கம் விற்பவருடையது, உள்பக்கம் தைத்தவருடையது.

பக்கத் தையலைப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்குள் பத்திலிருந்து பன்னிரண்டு தையல் விழுந்திருந்தால் நல்ல கை, நிதானமான கை. ஆறு, ஏழுதான் என்றால் இயந்திரத்தை ஓட ஓட விரட்டியிருக்கிறார்கள். தையலின் இரு பக்கத்தையும் இரு கையால் பிடித்து மெல்ல இழுங்கள். நடுவில் நூல் பல்லிளித்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு துவைப்பில் வாய் பிளக்கும். தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பது அடுத்தது. அரை அங்குலமாவது இருந்தால் உடம்பு கொஞ்சம் பூரித்தாலும் பிரித்துத் தரலாம். ஓவர்லாக் ஓரத்தோடு நின்றுவிட்டால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த உடை ஒரே ஓர் அளவுக்கு, ஒரே ஒரு வருஷத்துக்குத் தைத்தது.

துணியைக் கைக்குள் கசக்கிப் பத்து எண்ணும்வரை இறுக்கிப் பிடித்து விடுங்கள். சுருக்கமே இல்லாமல் நிமிர்ந்தால் பெரும்பாலும் பாலியெஸ்டர். ஒட்டிய கல்லை நகத்தால் ஒரு நெம்பு நெம்புங்கள். பசையில் ஒட்டியது வந்துவிடும், தைத்தது வராது. பட்டன் அடியில் தொங்கும் நூலை இழுக்க வேண்டாம். சங்கிலித் தையல் என்றால் பட்டன் கையோடு வரும், பிறகு கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கைப்பையில் ஒரு வெள்ளைத் துண்டுத் துணி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் துளி நனைத்து, உடையின் உள் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தேய்த்துப் பாருங்கள். இதைச் சொல்லிக்கொடுக்கும் நானே ஒரு தடவை செய்யாமல் விட்டேன். இணையத்தில் 19 வெள்ளிக்கு ஒரு சிவப்புப் பாவாடை. பார்த்து எடுக்கவில்லை, படத்தைப் பார்த்துத்தான் எடுத்தேன். முதல் துவைப்பிலேயே என் மகளின் பள்ளிச் சீருடை, வெள்ளை, முழுதும் பன்னீர் ரோஜா நிறமாகிவிட்டது. மூன்று முறை வெளுத்தும் போகவில்லை. அந்த வாரம் அவள் அக்காவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள்.

துணியில் நிற்காத சாயம் ஒரு செய்தி. சாயப்பட்டறையில் துணியில் ஏறாத சாயமும், சாயத்தை ஏற்றக் கொட்டிய உப்பும், கழுவிய தண்ணீரோடு வெளியே போகும். அது எங்கே போகும் என்பதற்குத் திருப்பூரைப் பார்க்கலாம். இங்கே லெபு பசாரில் கட்டுக்கட்டாகத் தொங்கும் பனியன்கள் வந்த ஊர். நொய்யல் ஆற்றில் பல ஆண்டுகள் சாயத் தண்ணீரை விட்டு, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, உழவர் தொட முடியாத கழிவுத் தொட்டியாகிவிட்டது. கீழ்ப்பக்கத்துக் கிணறுகள் உப்பேறின. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. இப்போது சாயத் தண்ணீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பது அங்கே விதி. அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும், மின்சாரம் வேண்டும், செலவு இருக்கிறது. அந்தச் செலவு அதற்கு முன் வந்த பனியன்களின் விலையில் இல்லை. நொய்யல் கரை உழவர் கட்டினார்.

லேபிளைப் படிப்பது

கழுத்தின் பின்னால் இருக்கும் சின்னத் துணியை எல்லாரும் உறுத்துகிறது என்று வெட்டி எறிகிறார்கள். வெட்டுவதற்கு முன் படியுங்கள். எந்த நாடு, எந்த இழை, எத்தனை விழுக்காடு.

என் அம்மா 1976 இல், பத்தொன்பது வயதில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். தடையற்ற தொழில் வட்டாரம் 1972 இல் அங்கே தொடங்கியிருந்தது. கம்பத்து, அதாவது கிராமத்து, பெண்களெல்லாம் பஸ் ஏறிப் போனார்கள். அம்மா தைத்தது காலர் மட்டும். காலை முதல் மாலை வரை காலர், வருஷம் முழுக்கக் காலர். முழுச் சட்டை ஒன்று எப்படி இருக்கும் என்று கடைக் கண்ணாடியில்தான் பார்த்ததாகச் சொல்வார். ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கு. கழிவறைக்குப் போனால் கணக்குக் குறையும். பின்கதவைத் திருட்டுப் பயம் என்று வெளியிலிருந்து பூட்டியிருப்பார்கள்.

அந்த வேலை பினாங்குக்கு வந்ததற்கும் போனதற்கும் காரணம் ஒன்றுதான். 1974 முதல், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வாங்கலாம் என்று பணக்கார நாடுகள் பங்கு பிரித்து வைத்திருந்தன. ஒரு நாட்டின் பங்கு தீர்ந்தால் அடுத்த நாட்டில் தொழிற்சாலை திறப்பார்கள். 2004 முடிவோடு அந்தப் பங்கு முறை போனது. அதற்குப் பிறகு கூலி எங்கே குறைவோ அங்கே. அம்மாவின் தொழிற்சாலை அடுத்த ஆண்டே மூடிவிட்டது.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே சாவாரில் ராணா பிளாசா இடிந்து விழுந்தது. எட்டு மாடி. முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டு, கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேலே இருந்த தையல் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். 1,134 பேர் இறந்தார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து போய் எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்து வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அதற்காக வங்காளதேசம் என்று எழுதியிருந்தால் எடுக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு அந்தக் காலர் இல்லையென்றால் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நாட்டின் பெயர் மட்டும் நல்லதையும் கெட்டதையும் சொல்லாது. பெரிய நிறுவனத்தின் உடை என்றால் இரண்டு விஷயத்தைப் பார்க்கலாம். ஒன்று, தங்களுக்குத் தைக்கும் தொழிற்சாலைகளின் பட்டியலை அது வெளியிடுகிறதா. இரண்டு, ராணா பிளாசாவுக்குப் பிறகு தொழிற்சங்கங்களோடு நிறுவனங்கள் செய்துகொண்ட கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறதா; 'அக்கார்டு' என்று அதைச் சொல்கிறார்கள், கையெழுத்திட்டவர்கள் பெயரெல்லாம் பொதுவில் இருக்கிறது. கைப்பேசியில் தேட ஐந்து நிமிடம் ஆகும். இரண்டும் இல்லாத நிறுவனத்தின் லேபிளில் 'பூமிக்கு உகந்தது' என்று பச்சை இலை அச்சிட்டிருந்தால், நான் அந்த இலையை இலையாக மட்டும் எடுத்துக்கொள்வேன்.

தமிழ்நாட்டு நூல் என்றால் மனம் குளிர்ந்துவிட வேண்டாம். மூன்று ஆண்டு விடுதியில் தங்கி நூற்பாலையில் வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, ஏழைப் பெண்களை எடுத்த 'சுமங்கலித் திட்டம்' அந்தத் தமிழ்நாட்டில்தான் நடந்தது. வெளியே போக முடியாது. நோய் வந்து இடையில் போனவர்களில் பலருக்கு அந்தப் பணம் கைக்கு வரவில்லை. என் பாட்டி கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்துப் பெயர் பதியும் பெரட்டுக்கு ஒரு நிமிடம் பிந்தினால் அன்றைய பெயர் கிடையாது. அந்தப் பால் எந்த நாட்டு மோட்டார் வண்டிக்குச் சக்கரமானது என்று பாட்டிக்குத் தெரியாது. அந்த வண்டிக்காரருக்கும் பாட்டியைத் தெரியாது.

39 வெள்ளிக் கணக்கு

சுரிதார் ஒரு செட் தைக்க நான் 60 வெள்ளி வாங்குகிறேன். "கடையில் முழு செட்டே 39 வெள்ளிக்குத் தொங்குகிறதே அக்கா" என்று வாரம் ஒருவராவது சொல்கிறார். அவரை உட்கார வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன்.

வெட்ட அரை மணி நேரம். மேல்சட்டை இரண்டு மணி நேரம். கால்சட்டை ஒரு மணி நேரம். ஓரம் மடித்து, கொக்கி வைத்து, இஸ்திரி போட அரை மணி நேரம். நான்கு மணி நேரம். நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. நான்கு மணி நேரத்துக்கு 34 வெள்ளி 88 காசு. 39 வெள்ளியில் மிச்சம் 4 வெள்ளி 12 காசு. அதற்குள் துணி, நூல், கொக்கி, கப்பல் கூலி, கடை வாடகை, விளக்குப் போட்ட மின்சாரம், விற்ற பெண்ணின் சம்பளம், முதலாளியின் லாபம் எல்லாம் அடங்க வேண்டும்.

அடங்காது. தொழிற்சாலையில் முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து பிரித்துத் தைத்தால் என்னுடைய நான்கு மணி நேரம் வெகுவாகக் குறையும் என்பதும் உண்மைதான். நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கணக்கு இடிக்கிறது. மீதியை யாரோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வங்காளதேசத்தில் ஆடைத் தொழிலாளரின் குறைந்தபட்சச் சம்பளம் 2023 டிசம்பர் முதல், அந்நாட்டுப் பணத்தில், மாதம் 12,500 டாக்கா. இன்றைய மாற்று விலையில் நம் பணத்துக்கு 500 வெள்ளிக்கும் உள்ளே.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: விலைச்சீட்டைப் பார்த்ததும் தையல் கூலியை மனதுக்குள் கழித்துப் பாருங்கள். இந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டுப் பழகுங்கள். கை வேலைப்பாடு என்றால் இன்னும் கவனம். மணி கோப்பதை இயந்திரம் பெரும்பாலும் செய்வதில்லை, ஒரு விரல் செய்கிறது. விலை அதிகமாக இருப்பதால் கூலி ஒழுங்காகப் போயிருக்கும் என்றும் நம்ப வேண்டாம். ஒரே தொழிற்சாலையில் 30 வெள்ளி உடையும் 300 வெள்ளி உடையும் தைப்பது உண்டு. விலை மிகக் குறைவென்றால் கூலி போகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைக்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு விற்பனை வரி இருக்கிறது. என் வாடிக்கையாளர் ஒருவரும் அதற்காகக் கையை இழுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இணையத்தில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் கூடையில் போட்டுவிட்டு ஒரு வாரம் விடுங்கள். எட்டாம் நாளும் அது நினைவில் இருந்தால் எடுங்கள்.

பட்டு, பருத்தி, பாலியெஸ்டர்

'ஆர்ட் சில்க்' என்றால் கலைநயமுள்ள பட்டு என்று நினைத்து வாங்கி வருகிறார்கள். அது செயற்கைப் பட்டு. 'ஆர்ட்டிஃபிஷியல்' என்பதன் தலையை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பை வெட்டிவிட்டார்கள். இந்தியாவின் மத்தியப் பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' சீட்டு இருந்தால் பட்டு என்று நம்பலாம். இல்லையென்றால் வீட்டுக்கு வந்ததும் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரே ஓர் இழையை உருவி, இடுக்கியால் பிடித்து, பீங்கான் தட்டின் மேல் நெருப்புக் குச்சி காட்டுங்கள். பட்டு, முடி கருகும் நாற்றம் அடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி, காகிதம் எரிகிற மணம், மெல்லிய சாம்பல். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகும், நசுங்காது. பெட்ரோலியத்திலிருந்து எடுத்த இழை வேறெப்படி எரியும்? இன்று உலகில் செய்யும் இழையில் பாதிக்கு மேல் அதுதான். ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகளைத் தண்ணீரில் விடுகிறது.

சரி, எல்லாம் பருத்தியாக எடுக்கலாம் என்றால், ஒரு டி-சட்டைக்கு வேண்டிய பருத்தியை விளைக்க 2,700 லிட்டர் தண்ணீர் என்று ஒரு கணக்கு உண்டு. பருத்திப் பாசனத்துக்கு ஆறுகளைத் திருப்பியதில் ஏரல் கடல் என்ற பெரிய ஏரியே வற்றி, படகுகள் மணலில் நின்றன. பட்டுக்குப் புழுவைக் கூட்டோடு வேகவைக்க வேண்டும். புழு பூச்சியாகிப் பறந்து போன பிறகு நூல் எடுக்கும் அகிம்சைப் பட்டை ஐதராபாத்தின் குசும ராஜையா செய்து காட்டியிருக்கிறார். விலை கூடுதல், மினுமினுப்புக் கொஞ்சம் குறைவு. எனக்குப் பிடிக்கும்.

ஆகவே குற்றமில்லாத இழையைத் தேடி அலைந்து களைத்துப் போக வேண்டாம் என்பது என் கட்சி. நம் வெயிலுக்கும் வேர்வைக்கும் உடம்போடு ஒட்டிய உடை பருத்தி. கல்யாணத்துக்கு, அம்மாவின் பழைய பட்டு. பாலியெஸ்டர் ஏற்கனவே வீட்டில் இருந்தால் அதைக் கிழியும்வரை உடுத்துங்கள். தூக்கிப் போட்டுவிட்டுப் பருத்தி எடுப்பது புண்ணியமில்லை. துணிப்பைக்கும் இதே கதைதான். பினாங்கில் 2011 முதல் எந்த நாளும் இலவச பிளாஸ்டிக் பை கிடையாது, நல்ல காரியம். ஆனால் கல்யாணத் தாம்பூலப் பை என்று வந்து என் வீட்டில் மட்டும் 23 துணிப்பைகள் சேர்ந்திருக்கின்றன. ஒரு பருத்திப் பையை ஆயிரக்கணக்கான தடவை பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பைக்கு ஈடு என்று 2018 இல் டென்மார்க் அரசின் ஆய்வு ஒன்று கணக்குப் போட்டது. இருபத்து மூன்று பையையும் தூக்க எனக்கு எத்தனை பிறவி வேண்டும்?

பழையதை எடுக்கத் தயங்காதவர்களுக்கு பண்டல் கடைகளும் லோரோங் குலிட் காலைச் சந்தையும் இருக்கின்றன. அங்கே பார்க்க வேண்டியது மூன்று இடம்: அக்குள், காலர் மடிப்பு, கால்சட்டையின் கவட்டை. மற்றதெல்லாம் திருத்தலாம். பழைய உடையில் பட்டனும் ஜிப்பும் பெரும்பாலும் இப்போதைய புதியதைவிட உறுதி. நான் பட்டனுக்காகவே சட்டை வாங்கியிருக்கிறேன். எடுத்ததும் வெந்நீரில் ஊற வைத்து, வெயிலில் காய வைத்துவிட்டுத்தான் உடுத்த வேண்டும்.

திருத்துவது, துவைப்பது

புதிதாகத் தைக்கக் கொடுக்கும்போது தையல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "உள்ளே ஒன்றரை அங்குலம் விட்டுத் தையுங்கள்." ரவிக்கைக்கு இது கட்டாயம். பிள்ளைகளின் பாவாடைக்கு அடியில் இரண்டு மடிப்புப் பிடித்தால் மூன்று தீபாவளி ஓடும். என் அம்மா காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், பாவாடையில் பழைய மடிப்புத் தழும்பைப் பார்த்தே பெண்ணின் வயதைச் சொல்லிவிடலாம். கரை நைந்த சேலையை வெட்டி இரண்டு சிறுமிகளுக்குப் பாவாடை தைக்கலாம். போன வருஷத்து மெரூனுக்கு இந்த வருஷம் பச்சைக் கரை வைத்துத் தரலாம். ஒரே நிறம் வேண்டும் என்று அடம் பிடிக்கும் குடும்பங்களுக்கு, எல்லாருக்கும் ஒரே துணியில் துப்பட்டா, அங்கவஸ்திரம், பையனுக்குச் சட்டைப் பை என்று தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஐந்து மீட்டரில் ஏழு பேர். போட்டோவில் நன்றாகத்தான் இருந்தார்கள்.

துவைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காசு போடும் டோபிக் கடையின் சூட்டு உலர்த்தியில் போடாதீர்கள். எலாஸ்டிக் அங்கேதான் சாகிறது. உள்பக்கம் திருப்பி நிழலில் காய வையுங்கள். வேர்வை படாத உடையைத் துவைக்காமல் காற்றில் உலர்த்தினால் போதும். ஆயர் ஈத்தாம் பக்கம் வண்ணாந்துறையில் ஆற்றில் துவைத்து வெளியே காய வைத்த காலத்து வேட்டிகள் இன்றைக்கும் சில வீடுகளில் இருக்கின்றன. பட்டுச் சேலையைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் இருந்தால் சரிகை அந்த வரியிலேயே முறியும்.

வீட்டைவிட்டு அனுப்புவது

எதற்கும் உதவாது என்று ஆனதை என்ன செய்வது? குப்பையில் போட்டால் தீவின் குப்பை பத்து மாவுங் வழியாகக் கடலைத் தாண்டிச் செபராங் பிறையின் பூலாவ் பூரோங் மேட்டுக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்தது. அந்தப் பக்கம் இருக்கும் என் நாத்தனார் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போன் பண்ணினார். என் கடை வெட்டுத் துணியும் அதற்குள் எங்கோ இருந்திருக்கும். அதற்கு முந்தின இருபது வருஷமும் கோணி கோணியாக நான் கட்டி அனுப்பியதுதானே.

இப்போது பிரிக்கிறேன். பருத்தித் துண்டுகளைக் கார் பட்டறைக்காரர் எண்ணெய் துடைக்க எடுத்துக்கொள்கிறார். பாலியெஸ்டர் வேண்டாம் என்பார். அதைப் பொடியாக நறுக்கித் திண்டுக்குள் அடைக்கிறேன். என் கடையில் நீங்கள் உட்காரும் ஸ்டூல் மெத்தைக்குள் மூன்று தீபாவளி இருக்கிறது.

உடுத்தக்கூடிய நிலையில் இருப்பதைத் துவைத்து, பட்டன் வைத்து, மடித்து இரட்சணிய சேனைக் கடையிலோ சூ சி என்ற புத்த அறநிறுவனத்தின் மறுசுழற்சி நிலையத்திலோ கொடுக்கலாம். பேரங்காடிகளில் கிளோத் கேர்ஸ் துணிப்பெட்டிகள் இருக்கின்றன. காய்ந்த துணியாக, பையில் கட்டிப் போட வேண்டும். பெட்டியில் போட்டதோடு பாவம் தீர்ந்தது என்று திரும்பி நேராகக் கடைக்குள் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். உலகம் கொடுத்துத் தள்ளும் பழைய துணிகள் கானாவின் கண்டமாண்டோ சந்தையில் பொதி பொதியாகக் குவிகின்றன; விற்காதது அந்த ஊர்க் கடற்கரையில் கிடக்கிறது.

ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுப்பவர்கள் முதலில் போன் செய்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஒரு தீபாவளிக்கு நான் ஓர் இல்லத்தில் பாவாடை அளவெடுக்கப் போயிருந்தேன். வராந்தாவில் பதினான்கு பை பழைய துணி. பொறுப்பாளர் ஒரு பையைத் திறந்து காட்டினார்: ஜிப் போன ஜீன்ஸ், வேர்வைக் கறை படிந்த ரவிக்கை, ஒற்றைக் காலுறை. "லாரி வைத்துத்தான் அப்புறப்படுத்த வேண்டும் அக்கா, அதற்கும் காசு" என்றார். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, எட்டு வயது இருக்கும், என் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டே கேட்டாள், "எனக்குப் புதுசா தைப்பீர்கள்?" புதிதாகத்தான் தைத்தேன். அடியில் இரண்டு மடிப்புப் பிடித்து.

இன்னும் ஒன்று. திருத்த வேலைகளைப் புரட்டாசி முடிவதற்குள் கொண்டு வாருங்கள். ஐப்பசி பிறந்த பிறகு வந்து, "ஒரே ஒரு தையல்தான் அக்கா" என்று நின்றால், சுவரில் ஒட்டியிருக்கும் காகிதத்தைக் காட்டுவேன். அதில் பெயர் எழுதி வைத்தவர்கள் முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள்.